மாவுக்கு இருபத்தெட்டு டிகிரி

சித்திரை பிறந்தால் திண்டிவனத்தில் மாவுக் கடை வைத்திருப்பவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. மதியம் மூன்று மணிக்கு ஆட்டி எடுத்த மாவு, மறுநாள் விடியற்காலை பாக்கெட்டில் போகும் அளவுக்குப் பொங்கியிருக்க வேண்டும். மார்கழியில் இது நடக்காது, மாவு அப்படியே கல்லாய்க் கிடக்கும். கத்திரி வெயிலில் இரவு ஒன்பது மணிக்கே குண்டானை விட்டு வழிந்து, பதினொரு மணிக்குப் புளித்து, காலையில் தட்டையாக அமுங்கிப் போயிருக்கும். இட்லி ஊற்றினால் கல் மாதிரி வரும், தோசை ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. புளித்த மாவை வாங்கிப்போன வீட்டுக்காரம்மா மறுபடி அந்தக் கடைப் பக்கம் திரும்ப மாட்டார்.

நான் மாவு அரைப்பவன் இல்லை. ரேடியோ, டேப் ரெக்கார்டர் காலத்தில் திண்டிவனத்தில் தொழில் கற்று, பிறகு டிவி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் என்று காலம் காட்டிய வழியில் போய்க்கொண்டிருப்பவன். ஆனால் சில வருடங்களாக என் கடை மேஜையில் அதிகம் கிடப்பது பெல்டியர் பிளேட்டுகளும், தெர்மாகோல் அட்டைகளும், மாவுக் குண்டானின் அளவு எழுதிய துண்டுக் காகிதங்களும்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் மாவு விற்றுப் பிழைக்கும் சிலருக்கு மாவைப் பதமான சூட்டில் வைத்திருக்கும் பெட்டி செய்து கொடுக்கிறேன். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பெல்டியர் பிளேட்டை முதலில் பார்த்தது மேஜைமேல் வைக்கும் தண்ணீர் டிஸ்பென்ஸர் ஒன்றில். "கூல் ஆகலைண்ணே" என்று கொண்டுவந்து வைத்தார்கள். பின்பக்கத்தைக் கழற்றினால் கம்ப்ரெஸர் இல்லை, கேஸ் குழாய் இல்லை. நாலு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் அளவில், பீங்கான் மாதிரி வெள்ளையாக ஒரு வில்லை. அதில் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். ஒரு முகத்தில் பெரிய அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் ஃபேன். இவ்வளவுதான். வில்லையை வெளியே எடுத்து, பேட்டரியில் ஒரு நொடி தொட்டேன். ஒரு முகம் விரலில் சில்லென்று ஏறியது, மறு முகம் சுட்டது. வயரை மாற்றிப் பிடித்தால் சில்லென்றிருந்த முகம் சுட்டது. முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு வியப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இதன் சரித்திரம் பழையது. ஜான் பெல்டியர் என்கிற பிரெஞ்சுக்காரர் கடிகாரத் தொழிலில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கி, இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் ஓடினால் அங்கே சூடோ குளிர்ச்சியோ உண்டாவதை 1834இல் கண்டார். நாலு வருடம் கழித்து ருஷ்யாவில் லென்ஸ் என்பவர் பிஸ்மத்தும் ஆண்டிமனியும் சேர்ந்த இடத்தில் ஒரு துளி நீரை வைத்து, மின்சாரத்தால் அதை உறைய வைத்தார். மின்சாரத்தைத் திருப்பி விட்டார், பனி உருகியது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் அது ஒரு வேடிக்கையாகவே கிடந்தது. சாதாரண உலோகங்களில் கிடைக்கும் குளிர் போதவில்லை. 1954இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் என்பவர் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைக்கடத்தியை எடுத்து நீரின் உறைநிலைக்குக் கீழே இறக்கிக் காட்டினார். இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வில்லைக்குள் இருப்பதும் அதே சரக்குதான். 12706 என்று அதன்மேல் எழுதியிருக்கும். 127 ஜோடி குறைக்கடத்தித் துண்டுகள், 6 ஆம்பியர் வரை தாங்கும் என்று அர்த்தம்.

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டுப் பக்கம் மாவு விற்கும் ஓர் அக்கா என் கடையில் இன்வெர்ட்டர் வாங்கியவர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது பேச்சு வந்தது.

"தம்பி, ஃப்ரிட்ஜுல வெச்சா பொங்க மாட்டேங்குது. வெளியில வெச்சா புளிச்சுப் போவுது. நடுவுல வெக்க ஒண்ணும் இல்லியா?"

"எவ்ளோ மாவுக்கா?"

"ராத்திரிக்கு ஒரு இருவது லிட்டரு. அதுக்கு மேல பண்றதில்ல."

அந்த 'நடுவுல' என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளே நாலைந்து டிகிரி. அந்தக் குளிரில் மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகின்றன. வெளியே, மே மாதத்தில், ஆர்.சி.சி. கூரைக்குக் கீழே ராத்திரியிலும் 34, 35. பகலில் 40ஐத் தொடும். மாவு கேட்பது 28ஐ ஒட்டி. ராத்திரியில் வெளிக்கும் அதற்கும் ஆறேழு டிகிரிதான் வித்தியாசம். கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜுக்கு அது வேலையே இல்லை, பெல்டியருக்கோ அளவெடுத்துத் தைத்த வேலை.

ஏன் 28 என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, உளுந்தோடும் அரிசியோடும் வரும் பாக்டீரியாக்களே வேலை செய்கின்றன. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஐ ஒட்டி இட்லி மாவை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாவைப் பொங்கவைக்கும் முக்கியமான ஆள் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்கிற பாக்டீரியா என்று காட்டியது. அது கரியமில வாயுவையும் புளிப்பையும் சேர்த்துத் தருகிறது. உளுந்தின் புரதமும் பசையும் அந்த வாயுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இட்லியின் மென்மை இந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது. இந்த பாக்டீரியாவுக்கு 20 முதல் 30 டிகிரி வரை சௌகரியம். 35ஐத் தாண்டினால் அதன் கை ஓய்ந்து, வெறும் புளிப்பை மட்டும் வேகமாக உண்டாக்கும் வேறு கூட்டம் மேலேறுகிறது. வாயு குறைகிறது, அமிலம் கூடுகிறது. கத்திரியில் மாவு புளிக்கிறது ஆனால் உப்பி நிற்பதில்லை என்று பெண்கள் சொல்வது இதைத்தான். சூடு கூடினால் எல்லாமே ஒரே அளவில் வேகமாகிவிடும் என்று நாம் நினைப்போம். மாவுக்குள் நடப்பது அப்படியில்லை, வேலை செய்யும் ஆளே மாறிவிடுகிறான்.

அக்காவுக்குப் பெட்டி செய்யும் முன் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையில் பயனில்லை. இருபது லிட்டர் மாவு, கிரைண்டரை விட்டு வரும்போது 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் வெயிலில் கொதிக்கிறது, கல் உரசும் சூடு வேறு. இந்த மாவை 28க்கு இறக்க வேண்டுமானால் அதிலிருந்து சுமார் 530 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு பெல்டியர் நல்ல நிலையில் 30 வாட் வெப்பம் இழுக்கும். அதில் பத்து வாட் பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டுக்கே போய்விடும். மீதி இருபது வாட்டில் 530 கிலோஜூலை எடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மாவு புளித்து முடிந்திருக்கும்.

அதனால் மாவைக் குளிர வைக்கும் பொறுப்பைப் பெல்டியரிடம் கொடுக்கவே கூடாது. ஆட்டும்போதே ஐஸ் போட வேண்டும். ஒன்றேகால் கிலோ ஐஸ் உருகி 28 டிகிரிக்கு வருவதற்குள், அந்த 530 கிலோஜூலையும் அதுவே எடுத்துவிடுகிறது. மாவுக்கு ஊற்றும் தண்ணீரில் அந்த ஐஸின் எடையைக் கழித்துக்கொண்டால் பதம் மாறாது. நம் வீடுகளில் மிக்ஸியில் உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விடும் பழக்கம் இருக்கிறதே, அதன் காரணமும் இதுவேதான். குளிர்விப்பது ஐஸின் வேலை, குளிர்ந்ததை அப்படியே நிறுத்துவது பெல்டியரின் வேலை. இதை ஒப்புக்கொள்ளாதவருக்கு நான் பெட்டி செய்து தருவதில்லை.

பெட்டிக்கு இரண்டு அங்குல தெர்மாகோல், உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு, வெளியே பிளைவுட். கதவு பக்கவாட்டில் கூடாது, மேலே மூடியாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் காலடியில் கொட்டிவிடும். இந்த யோசனை எனக்குக் கோத்ரெஜ் கம்பெனியின் சோட்டுகூல் பெட்டியைப் பார்த்து வந்தது. 2010ஐ ஒட்டி, ஃப்ரிட்ஜ் வாங்க முடியாத கிராமத்துக் குடும்பங்களை நினைத்து அவர்கள் கொண்டுவந்தது அது. 43 லிட்டர், எட்டு கிலோவுக்கும் குறைந்த எடை, மேலே திறக்கும் மூடி, கம்ப்ரெஸருக்குப் பதில் பெல்டியர், 12 வோல்ட்டில் ஓடும். நம் நாட்டில் பெல்டியரை வீட்டுச் சாமானாக்கப் பெரிய அளவில் நடந்த முயற்சி என்று அதைத்தான் சொல்வேன். அதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட வேண்டும், ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அந்த வீடுகளிலிருந்தே யோசித்திருக்கிறார்கள்.

இனி வில்லையைப் பொருத்தும் கதை. பெல்டியர் குளிரை உண்டாக்குவதில்லை, ஒரு முகத்தில் இருக்கும் வெப்பத்தை மறு முகத்துக்கு இறைக்கிறது. கிணற்றிலிருந்து ஏற்றம் போட்டு நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அடைபட்டிருந்தால் இறைத்த நீர் திரும்பக் கிணற்றிலேயே விழும். சூட்டு முகத்தில் இருக்கும் ஹீட் சிங்க்தான் அந்த வாய்க்கால். உள்ளேயிருந்து எடுத்த 30 வாட்டோடு, பெல்டியர் தின்ற 60 வாட் மின்சாரமும் வெப்பமாகி அங்கேதான் வரும். ஆக, 90 வாட் வெளியேற வேண்டும். இதற்குப் பழைய கம்ப்யூட்டர்களில் வரும் பெரிய சி.பி.யூ. கூலர் நன்றாக உழைக்கிறது, செம்புக் குழாய் ஓடும் வகை இன்னும் சிறப்பு. என்னிடம் வேலை கற்க வரும் பையன்கள் எல்லாரும் உள்பக்கம் கையை வைத்துப் பார்த்து "சில்லுனு இருக்குண்ணே" என்பார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்து வெளிப்பக்க ஹீட் சிங்கின்மேல் வைப்பேன். அங்கே சுடச்சுட இருந்தால் உள்ளே இருக்கும் சில்லிப்பு நிலைக்காது.

அடுத்தது மின்சாரத்தின் அளவு. கடையில் விற்கும் கிட்களில் ஒரு வில்லைக்கு நேராக 12 வோல்ட் கொடுக்கிறார்கள். வில்லை அதைத் தாங்கும். ஆனால் அதற்குள் ஓடும் மின்னோட்டமே அதைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. இழுக்கும் குளிரோ மின்னோட்டத்தின் அளவுக்குத்தான் ஏறுகிறது. எனவே ஒன்றைக் கசக்கிப் பிழிவதைவிட, இரண்டு வில்லைகளை வரிசையில் கோத்து ஆளுக்கு 6 வோல்ட் கொடுப்பது மேல். நம் ஆறேழு டிகிரி வேலைக்கு, ஏறக்குறைய அதே குளிர் பாதி மின்சாரத்தில் கிடைக்கிறது. ஹீட் சிங்கும் சூடேறாமல் நிற்கிறது. வில்லைக்குக் கூடுதலாக ஆகும் செலவைக் கரண்ட் பில் சீக்கிரமே திருப்பித் தந்துவிடும்.

பொருத்துகிற நுணுக்கம் கையால் பழக வேண்டியது. வெள்ளை பேஸ்ட்டை இரண்டு முகத்திலும் மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். பேஸ்ட் என்பது மேடுபள்ளத்தை நிரப்ப மட்டும்தான், தடிமனானால் அதுவே தடையாகிவிடும். இரண்டு பக்க ஹீட் சிங்கையும் இழுத்துக் கட்டும் போல்ட்டுகளுக்கு ஃபைபர் வாஷர் போட வேண்டும். வெறும் இரும்பு போல்ட் போட்டால் சூட்டுப் பக்கத்து வெப்பம் அதன் வழியாகவே உள்ளே நடந்து வந்துவிடும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். நாலு ஓரத்திலும் சிலிகான் பசையால் அடைக்க வேண்டும். மரக்காணம் பக்கத்திலிருந்து வீசும் கடல் காற்றில் ஈரம் அதிகம், குளிர் முகத்தில் வியர்க்கும். அந்த நீர் வில்லைக்குள் போனால் சால்டர் அரித்து, ஒரு ஜோடி அறுந்தால் போதும், 127ம் செத்ததற்குச் சமம். எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் அப்படி.

இந்தத் தொழிலில் நான் மிகவும் ரசித்துத் தீர்த்த சிக்கல் ஒன்று உண்டு. பலரும் பெல்டியரை ஃப்ரிட்ஜ் மாதிரியே தெர்மோஸ்டாட் வைத்து, 28 வந்ததும் அணைத்து, 29 ஆனதும் மறுபடி ஓடவிடுகிறார்கள். கம்ப்ரெஸருக்கு அது சரி. பெல்டியரை அணைத்தால் அது சும்மா இருக்காது. வெப்பத்தைக் கடத்தும் பொருளால் ஆன வில்லை அது. அணைத்த நொடியில், சூடேறிக் கிடக்கும் வெளி ஹீட் சிங்கிலிருந்து வெப்பம் அதன் வழியாகவே உள்ளே திரும்பி வரும். இறைத்த நீர் மறுபடி கிணற்றுக்கு. இன்னொரு கெடுதலும் உண்டு. விட்டு விட்டு ஓடும்போது ஒரு முகம் சுருங்கி ஒரு முகம் விரிந்து, உள்ளே சால்டர் இணைப்புகள் களைத்துப் போகும்.

நான் செய்யும் வழி எளிது. ரிலேயின் ஒரு முனையில் முழு 12 வோல்ட், மறு முனையில் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வெர்ட்டரிலிருந்து 4 அல்லது 5 வோல்ட். மாவு சூடானால் ரிலே மேலே தள்ளும், பதம் வந்ததும் கீழே இறக்கும். பூஜ்யத்துக்கு மட்டும் போவதே இல்லை. கீழ்நிலையில் வில்லை தன் வழியாக வரும் வெப்பத்தை மறித்துக்கொண்டு, சுவர் வழியாக வருவதில் பெரும்பங்கையும் துடைத்துக்கொண்டிருக்கும். இப்படி ஓடும் பெட்டிகளில் மாவின் சூடு அரை டிகிரிக்குள் அடங்கி நிற்கிறது. அந்த அளவுமானியின் எண் அசையாமல் நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் வேறெந்த ரிப்பேரிலும் கிடைப்பதில்லை.

சென்ஸாரைத் தொங்கவிடும் இடமும் முக்கியம். காற்றில் தொங்கினால் மூடியைத் திறந்த உடனே எண் பறக்கும், ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். மாவுக்குள் முக்குவது சுத்தம் இல்லை. குண்டானின் வெளிப்பக்கம், மாவு நிற்கும் மட்டத்தில் சென்ஸாரை ஒட்டி, அதன்மேல் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்துக் கட்டிவிட்டால் அது மாவின் சூட்டைத்தான் சொல்லும். எவர்சில்வர் சுவர் மெல்லியது, பொய் சொல்லாது. மாவு பொங்கும்போது தானாகவும் கொஞ்சம் வெப்பம் விடும் என்பதால், காற்றை நம்பினால் அந்தக் கணக்கு விட்டுப்போகும். குண்டானில் பாதிக்கு மேல் மாவு நிரப்பக்கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, அது அக்காக்களுக்கே தெரியும்.

மாவுக் கடையில் எங்கும் அரிசி மாவுத் தூசி. ஃபேன் அதை இழுத்து ஹீட் சிங்கின் பற்களுக்கிடையே அடைத்துவிடும். வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஃபேன் நின்றுபோனால் ஆபத்து. வெளியேற முடியாத வெப்பம் முழுவதும் வில்லை வழியாகத் திரும்பி, குளிர்பெட்டி அடுப்பாகிவிடும். அதனால் வெளி ஹீட் சிங்கில் கே.எஸ்.டி. 301 என்கிற பட்டன் அளவு வெப்ப சுவிட்ச், 60 டிகிரியில் மின்சாரத்தை அறுப்பது, கட்டாயம் வைக்கிறேன். விலை குறைவு. இது வேண்டாம், காசைக் குறைத்துக்கொள் என்று சொன்னவருக்கும் வைத்தே கொடுத்திருக்கிறேன்.

பெல்டியர் பெட்டிக்கு எல்லை உண்டு. முப்பது லிட்டருக்கு மேல் மாவு ஆட்டுகிறவர்கள் வந்தால், பெல்டியர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதன் சொந்த தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு, வெளியே ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலரை வைத்து 28இல் ஓடவிட்டால் போதும். கம்ப்ரெஸர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எடுக்கும் வெப்பம் பெல்டியர் எடுப்பதைவிடப் பல மடங்கு. அணைந்த கம்ப்ரெஸரை மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடவிட வேண்டும், கன்ட்ரோலரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. தயிருக்கும், தோசை மாவுக்கும், கடைச் சாமானுக்கும் சேர்த்து ஒரு பெல்டியர் ஃப்ரிட்ஜ் கேட்பவர்களையும் திருப்பி அனுப்புகிறேன். வெளியே 38 இருக்கும்போது உள்ளே 5 வேண்டும் என்றால் 33 டிகிரி வித்தியாசம். இரண்டு ஹீட் சிங்கிலும் இழக்கும் டிகிரிகளைச் சேர்த்தால் வில்லையின் பலம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதைச் செய்து தருகிறேன் என்று காசு வாங்குவது தொழில் தர்மம் இல்லை.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் வடிப்பவர்கள் இதே வில்லையை இதே மாதிரி பெட்டியில் வைத்து இருபது லிட்டர் அளவை 18, 20 டிகிரியில் காக்கிறார்கள். அவர்களுடைய ஈஸ்ட்டுக்கு அதுதான் பதம். ஃப்ரிட்ஜ் என்ற இயந்திரமே நொதித்தலுக்காகப் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே 1870களில் செய்த முதல் குளிர் இயந்திரங்களுக்கு மியூனிக்கின் ஸ்பாட்டன் மதுபான ஆலைதான் களம். கோடையிலும் குளிர்ந்த அறையில் பீர் நொதிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. பாண்டிச்சேரி பக்கமிருந்து சில இளைஞர்கள் அந்த வேலைக்குப் பெட்டி கேட்டு வந்ததுண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிக்க முடியாது. 2023 மே மாதம் மெத்தனால் சாராயம் மரக்காணம் பகுதியில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அது நொதித்தலால் வந்த விஷம் இல்லை, தொழிற்சாலை ரசாயனம் என்பது தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் என் கை போகாது. கொம்புச்சா டீ ஊறவைப்பவர்களுக்கு மட்டும் செய்து கொடுத்திருக்கிறேன். அதற்கு 25ஐ ஒட்டி வைத்தால் நல்லது என்கிறார்கள். ஆரோவில் பக்கம் அதற்கு நல்ல கிராக்கி.

பெல்டியரின் இன்னொரு முகம் மார்கழியில் தெரியும். வயரை மாற்றிக் கொடுத்தால் உள்பக்கம் சூடாகும் என்றேனே, அதற்கு ஒரு இருவழி சுவிட்ச் போதும். சாதாரண ஹீட்டர் காயில் 20 வாட் மின்சாரம் தின்றால் 20 வாட் வெப்பம்தான் தரும். பெல்டியர் அந்த 20 வாட்டோடு வெளிக்காற்றிலிருந்து இழுத்த வெப்பத்தையும் சேர்த்துத் தரும். விடியற்காலை 21 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் மாவு பொங்காமல் கிடப்பதால் பாதி வியாபாரம் போகும். மாவுக் குண்டானுக்குக் கம்பளி சுற்றுவது, அடுப்போரம் வைப்பது, குண்டு பல்பு போட்டு மூடுவது என்று நம் வீடுகளில் பல வழி உண்டு, எல்லாமே நல்ல வழிதான். பெட்டியில் சுவிட்சைத் திருப்பினால் முடிந்தது. ஆனால் அப்போது வோல்டேஜைக் குறைத்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டை ஒட்டிய பக்கம் மாவு காய்ந்து ஏடு கட்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் பாண்டிச்சேரியை ஒட்டிக் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகி நெடுஞ்சாலையும் அடைபட்டது. விழுப்புரத்தில் பல தெருக்களில் கரண்ட் இல்லை. புயல் கரையேறிய அன்று மதியம் கரண்ட் போகும் முன்பே அக்கா மாவு ஆட்டி முடித்திருந்தார். மழைக் குளிரில் வீட்டுக்குள் 23 டிகிரிதான். போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இன்வெட்டர் பேட்டரியில ஃபேன் மட்டும்தான் போவுது. பொட்டி ஓடுமா?"

"மத்த எல்லாத்தையும் அணைச்சிடுங்கக்கா. பொட்டிய நேரா பேட்டரியில மாட்டுங்க. சுவிட்ச சூட்டுப் பக்கம் திருப்புங்க."

பெட்டி ஓடுவது 12 வோல்ட் டி.சி.யில் என்பதால் இன்வெர்ட்டரே தேவையில்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 900 வாட்-மணி. இரண்டு வில்லைகளும் ஃபேன்களும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினாலே 35 வாட் வாக்கில்தான். ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சூட்டுப் பக்கம் குறைந்த வோல்டேஜில் ஓடியதால் அன்று அதற்கு மேலும் தாங்கியது. மறுநாள் காலை அந்தத் தெருவில் மிக்ஸியோ கிரைண்டரோ ஓடவில்லை, பால் வண்டி வரவில்லை, காஸ் அடுப்பு மட்டும் எரிந்தது. பொங்கிய மாவு இருந்த வீடு அது ஒன்றுதான். அக்கா பாக்கெட் போடாமல், பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் குண்டானிலிருந்து கரண்டியால் அள்ளிக் கொடுத்திருக்கிறார். காசு இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்களிடம் அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செய்யும் பெட்டிகளில், பேட்டரியில் நேராக மாட்ட இரண்டு முதலைக் கிளிப் வைத்த நீள வயர் ஒன்றும், தலைகீழாக மாட்டினாலும் கெடாதபடி ஒரு டயோடும், 10 ஆம்பியர் ஃப்யூஸும் நானாகவே சேர்த்துவிடுகிறேன். இப்போது தீவனூர்ப் பக்கத்து மகளிர் குழு ஒன்றில் ஆறு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் மாவு ஆட்டுவதற்குப் பெட்டி கேட்டிருக்கிறார்கள். அளவு கூடுதல் என்பதால் ஒரே பெரிய பெட்டி வேண்டாம், தனித்தனியாக மூன்று சின்னப் பெட்டி செய்வோம், ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் ஓடும் என்று சொல்லியிருக்கிறேன். கத்திரிக்கு முன்னால் தர வேண்டும்.